வெளிநாட்டு வார்டில் எட்டு வாரம்: வாசகர் கேள்வி – பதில்

மருத்துவப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் சில வாரங்கள் வெளிநாட்டு மருத்துவமனையில் எலெக்டிவ் (மாணவர் தானே தேர்ந்தெடுக்கும் பயிற்சி) செய்யப் போகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம்.

எலெக்டிவ், அப்சர்வர்ஷிப் இரண்டும் ஒன்றுதானே? கடைசித் தேர்வை எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று நினைக்கிறேன். சரியா?

அந்த நிம்மதியில்தான் பலர் வாய்ப்பைக் கோட்டைவிடுகிறார்கள். எலெக்டிவ் என்றால் நீங்கள் இன்னும் மாணவர். உங்கள் கல்லூரி உங்களுக்குப் பொறுப்பு. மேற்பார்வையில் நோயாளியிடம் விவரம் கேட்கலாம், தொட்டுப் பரிசோதிக்கலாம், குறிப்பு எழுதலாம். அப்சர்வர்ஷிப் என்றால் நின்று பார்ப்பது மட்டும். அமெரிக்காவில் நோயாளியைத் தொட அனுமதிக்கும் எலெக்டிவ், படிப்பில் பெயர் இருக்கும் மாணவருக்குத்தான். பட்டம் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான் மிஞ்சும். ஆகவே கடைசித் தேர்வுக்கு முன்பே தேதி வாங்குங்கள். விண்ணப்பத்தை 9 முதல் 12 மாதம் முன்னால் தொடங்குவது அதிகமில்லை.

நாட்டுக்கு நாடு சொல்லும் மாறும், பொருளும் மாறும். பிரிட்டனுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவில் எலெக்டிவ் போகலாம். ஆனால் அது சம்பளமில்லாததாக இருக்க வேண்டும், நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதாக இருக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சம்பளமில்லாமல் செய்யும் எலெக்டிவுக்கு பி-1 விசா வழக்கம். வேறு பல நாடுகளில் சுற்றுலா விசாவோடு வார்டுக்குள் நுழைவதே விதிமீறல். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பாதீர்கள்.

அழைப்புக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தத் துறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மேற்பார்வையாளர் யார், ஊதியம் இல்லை என்ற வாக்கியம். விமான நிலையக் கவுன்டரில் ‘எதற்கு வந்தீர்கள்?’ என்று கேட்டால், ‘ஹாஸ்பிடலில் வேலை பார்க்க’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அறைக்குள் உட்கார வைக்கப்பட்டவர்கள் உண்டு. நீங்கள் வேலைக்குப் போகவில்லை. மாணவராக எலெக்டிவுக்குப் போகிறீர்கள். கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

எந்த மாதத்தில் போனால் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம்?

ஊர் சுற்ற எது நல்ல மாதமோ அது வார்டுக்கு நல்ல மாதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நேபாளத்தில் மலையேற அக்டோபர், நவம்பர் அருமை. ஆனால் தசைன் பண்டிகை செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் வரும். அந்த நாட்களில் அவசரச் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் மெலிந்துவிடும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனவர் காலி ஆபரேஷன் தியேட்டரைத்தான் பார்ப்பார். ஆகஸ்டில் இத்தாலி, பிரான்ஸ் போனால் மூத்த டாக்டர்கள் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். இங்கிலாந்தில் ஜூனியர் டாக்டர்கள் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை இடம் மாறுவார்கள். அந்த வாரம் போய் நின்றால், கழிப்பறை எங்கே என்று உங்களுக்குக் காட்டுகிறவருக்கே அது தெரியாது. அமெரிக்காவில் இதே கூத்து ஜூலை தொடக்கத்தில்.

ரம்ஜான் மாதத்தில் பல நாடுகளில் ஓ.பி. நேரம் சுருங்கும். வார விடுமுறை வெள்ளி, சனியாக இருக்கும் நாடுகளும் உண்டு. சனி, ஞாயிறு என்று நினைத்துப் பயணம் போட்டுவிட்டு ஞாயிறு காலை ரவுண்ட்ஸைத் தவறவிடாதீர்கள்.

தடுப்பூசிகளை எப்போது தொடங்க வேண்டும்? ஒரே வாரத்தில் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாதா?

முடியாது. கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கான ஊசியின் முழு அட்டவணை 0, 1, 6 மாதம். அவசரமென்றால் 0, 7, 21-ஆம் நாளில் போட்டு, 12-ஆம் மாதம் நான்காவது ஊசி. சின்ன வயதில் போட்டாயிற்று என்றாலும் பல மருத்துவமனைகள் கேட்பது ஊசி அட்டையை அல்ல, ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவை. அது 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைவென்று வந்தால் மறுபடி ஊசி, பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி சோதனை. இதற்கே அரை வருடம் ஓடிவிடும். அதனால் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள்.

காசநோய்த் தோல் சோதனையை எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) போட்ட ஒரு வாரத்தில் செய்தால் பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். உயிருள்ள கிருமித் தடுப்பூசி அந்தத் தோல் எதிர்வினையைச் சில வாரம் அடக்கிவைக்கும். ஒரே நாளில் இரண்டையும் செய்யுங்கள், அல்லது ஊசிக்குப் பின் 4 முதல் 6 வாரம் பொறுங்கள். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோல் சோதனை பொய்யாக ‘ஆம்’ என்றும் வரும். இக்ரா என்ற ரத்தச் சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்றிதழ் போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் போதும். பழைய பத்தாண்டுக் கணக்கு இப்போது இல்லை. நீங்கள் போகும் நாட்டில் நோய் இல்லாவிட்டாலும், வழியில் நோயுள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சில நாடுகள் சான்றிதழ் கேட்கும். மலிவாகக் கிடைத்த டிக்கெட்டில் நீண்ட காத்திருப்பு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊசிக்கும் எம்.எம்.ஆருக்கும் நடுவே 4 வாரம் விடுவது நல்லது.

என் மகள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள். மலேரியா மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, ஒரு தோழிக்குக் கெட்ட கனவு வந்தது என்கிறாள். கொசுவலை மட்டும் போதுமா?

போதாது அம்மா. ஆனால் அவர் சொல்லும் இரண்டு தொல்லையும் நிஜம்தான், அவை வேறு வேறு மாத்திரைகளுடையவை. கெட்ட கனவு மெஃப்லோகுவினுடையது. வாரம் ஒரு முறை என்பது வசதிதான். ஆனால் வலிப்போ மனச்சோர்வோ இருந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. 2, 3 வாரம் முன்னதாகவே ஆரம்பிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரை விட்டுக் கிளம்புமுன் மாற்ற முடியும் என்பதே.

வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் டாக்சிசைக்ளின். தினம் 100 மில்லிகிராம். இரவு படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். நெஞ்சு எரிச்சலில் எச்சிலைக்கூட விழுங்க முடியாது. சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் விழுங்கி, அடுத்த அரை மணியாவது படுக்காமல் இருக்கட்டும். வெயில் சீக்கிரம் சுடும் என்பதும் இதன் குணம்.

மூன்றாவது அட்டோவாக்வோன்-புரோகுவானில். தொல்லை குறைவு, விலை கூடுதல். கிளம்ப ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் 7 நாள் போதும். மற்ற இரண்டும் திரும்பிய பின் 4 வாரம் தொடர வேண்டும். ஏனென்றால் இது ஈரலுக்குள் வளரும் கட்டத்திலேயே ஒட்டுண்ணியைக் கொல்கிறது. மற்றவை அது ரத்தத்துக்கு வந்த பிறகே பிடிக்கின்றன. வீட்டுக்கு வந்தாயிற்று என்று அந்த 4 வாரத்தை நிறுத்துவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு.

மலேரியாக் கொசு மாலை முதல் விடியும் வரை கடிக்கும். டெங்குக் கொசு பகலில். டீட் என்ற கொசு விரட்டி 20 முதல் 50 சதவீதம் வரை கலந்த பூச்சு நல்லது. சன்ஸ்கிரீன் போடுவதானால் முதலில் அது, காய்ந்த பின் மேலே டீட்.

‘அங்கே போனால் நிறைய புரொசீஜர் செய்யலாம்’ என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நான் போவதே அதற்குத்தான். தவறா?

ஆசை தவறில்லை. ஆனால் உங்கள் கல்லூரியில் தனியாகச் செய்ய விடமாட்டார்கள் என்ற ஒரு வேலை, விமானம் ஏறி இறங்கியதும் செய்யக்கூடியதாக மாறிவிடாது. டாக்டர் குறைவான இடத்தில் நோயாளிக்கு மறுக்கும் தைரியமும் குறைவு. அதனால்தான் ‘செய்ய விடுகிறார்கள்’. உலக நலப் பயிற்சிக்கான அறநெறிக் குழு ஒன்று 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தொடங்கி, எல்லா வழிகாட்டுதலும் சொல்வது ஒன்றே: தகுதிக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டதை மட்டும் செய்.

வார்டில் நின்றுகொண்டு அறநெறி யோசிக்க நேரம் இருக்காது. ஆகவே இரண்டு கேள்விகளை மனதில் வைத்திருங்கள். இதை நான் என் ஊரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, முன்பே செய்திருக்கிறேனா? இப்போது தவறிப்போனால் கையைப் போட்டுச் சரிசெய்யத் தெரிந்தவர் இதே அறையில் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் செய்யுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், ‘இதை நான் தனியாகச் செய்ததில்லை சார், நீங்கள் செய்யுங்கள், நான் கூட நிற்கிறேன்’ என்று சொல்லுங்கள். இதற்காகக் கோபித்துக்கொள்கிற மூத்தவர்கள் மிகக் குறைவு. ‘செய்வேன்’ என்று சொல்லிவிட்டு முதுகுத்தண்டில் மூன்று முறை குத்தியவர் மேல்தான் கோபம் வரும். இன்னொன்று: மாணவர் என்ற எல்லையைத் தாண்டிச் செய்த எதற்கும் உங்கள் இன்டெம்னிட்டி காப்பு (சிகிச்சைத் தவறுக்கான காப்பீடு) துணை வராது.

யாராவது ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால் ‘மாணவன்’, ‘மாணவி’ என்று திருத்துங்கள். கேஸ் ஷீட்டில் கையெழுத்துக்குக் கீழே மருத்துவ மாணவர் என்று முழுதாக எழுதுங்கள்.

உண்மையில் ஒரு மாணவரால் அங்கே ஆகிற உதவி வேறு. ரவுண்ட்ஸுக்கு முன் பத்துப் படுக்கைக்கும் மூச்சு எண்ணிக்கையை முழு நிமிடம் எண்ணி எழுதி வைத்துப் பாருங்கள். பரபரப்பான வார்டில் பாதி சார்ட்டில் எல்லோருக்கும் ‘20’ என்றே எழுதியிருக்கும். நீங்கள் எண்ணி 38 என்று எழுதிய ஒருவரை டாக்டர் முதலில் போய்ப் பார்ப்பார். வராத லேப் முடிவைப் போய் வாங்கி வருவதும் அப்படித்தான். அவர்களுடைய கையுறையைத் தீர்க்காமல் உங்களுக்கென ஒரு பெட்டி கொண்டுபோங்கள்.

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி என் கையில் குத்திவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

கையில் இருப்பதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள்; ப்ளீச் ஊற்றாதீர்கள். இரண்டுமே திசுவைப் புண்ணாக்குவதோடு சரி. கண்ணில் தெறித்தால் காண்டாக்ட் லென்ஸ் இருந்தாலும் முதலில் அதோடே தண்ணீர் விட்டு அலசி, பிறகு கழற்றி மறுபடி அலசுங்கள்.

மணியைப் பாருங்கள், எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள். வெட்கத்தில் மறைத்து, விடுதிக்குப் போய் இரவெல்லாம் தேடிப் படித்துவிட்டு மறுநாள் மாலை சொல்கிறார்கள். அதற்குள் ஒன்றரை நாள் போய்விடுகிறது. ஹெச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்கிப் பயனில்லை. மொத்தம் 28 நாள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற கூட்டு பரவலாகத் தரப்படுகிறது. டோலுடெக்ராவிரை நெஞ்செரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்தோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஏறாது. அந்த மருந்துக்கு 2 மணி முன் அல்லது 6 மணி பின் எடுக்க வேண்டும்.

ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மாத்திரை எடுக்காவிட்டாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஹெபடைட்டிஸ் பி-க்கு எதிர்ப்பு இல்லாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை. மேலே அந்த எதிர்ப்பொருள் சோதனையை முதலில் செய்யச் சொன்னது இதற்காகத்தான். எதிர்ப்பு இல்லாதவருக்கு இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்பொருள் ஊசி) 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பல சிறு மருத்துவமனைகளில் அது இருக்காது.

கிளம்புமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: அங்கே தடுப்பு மாத்திரை இருக்கிறதா, ஞாயிறு இரவில் அதன் அலமாரிச் சாவி யாரிடம்? தெளிவான பதில் வராவிட்டால் முதல் சில நாளுக்கான மாத்திரையை உங்கள் கல்லூரியிடம் கேட்டு எடுத்துப் போங்கள். மீதி மாத்திரைக்குத் தலைநகருக்கோ ஊருக்கோ வந்து சேர அந்த அவகாசம் போதும்.

ஊசி குத்துவது பெரும்பாலும் பெரிய ஆபரேஷனில் அல்ல. ரத்தம் எடுத்த ஊசிக்கு மறுபடி மூடி போடும்போதும், வழிய வழிய நிறைந்த பெட்டிக்குள் இன்னொன்றைத் திணிக்கும்போதும்தான். பெட்டி முக்கால் நிறைந்தால் வேறு கேளுங்கள்.

சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதுமா?

காசநோய் வார்டில் போதாது. அது உங்கள் வாயிலிருந்து தெறிப்பதைத் தடுக்கும். காற்றில் மிதப்பதை நீங்கள் இழுப்பதைத் தடுக்காது. என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 வேண்டும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, காற்று அந்த வழியாகவே போகும். நோயாளிக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தால் அதைத் திறப்பதும் மாஸ்க் அளவுக்கு உதவும்.

டான்சானியாவில் எலெக்டிவ். முடிந்ததும் 5 நாளில் கிளிமஞ்சாரோ ஏறி இறங்கிவிடலாம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. ஏறலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நாளில் ஏறி இறங்கும் மராங்கு என்ற வழியில் முதல் இரவு மண்டாரா குடில், சுமார் 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ, 4,720. அன்று நள்ளிரவிலேயே எழுந்து 5,895 மீட்டர் உச்சிக்கு நடை. 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்த 5 நாள் திட்டம் ஒவ்வோர் இரவும் அதைப் போல் இரட்டிப்பு ஏற்றுகிறது. கால்வலு உள்ளவர்களே திரும்புவது இதனால்தான். உடற்கட்டுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் வேகமாக நடப்பவர்தான் முதலில் விழுவார்.

ஹொரொம்போவில் ஓர் இரவு கூட்டி 6 நாளாக்குங்கள். 7, 8 நாள் எடுக்கும் லெமோஷோ போன்ற வழி இன்னும் நல்லது. அந்த நாட்கள் கையில் இல்லையென்றால் மலையைக் கீழிருந்து பார்த்துவிட்டு வாருங்கள், அதுவும் அழகுதான்.

உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கலாம். விரல் நுனி மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், சிறுநீர் அதிகம் போகும்; பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்துக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் எடுக்கக் கூடாது. தலைவலி வந்தால் அந்த உயரத்திலேயே நில்லுங்கள். கூட வருபவர் தடுமாறுகிறார் போலத் தோன்றினால், ஒரு காலின் குதியை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே இறக்குங்கள்.

பெரு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர்தான். விமானம் இறங்கும் குஸ்கோ 3,400. முதல் இரவைக் குஸ்கோவில் கழிக்காமல், தாழ்வான புனிதப் பள்ளத்தாக்குக்கு நேரே இறங்கிவிட்டு, நகரைக் கடைசியில் பாருங்கள். மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா நடைபாதை பிப்ரவரி முழுவதும் மூடியிருக்கும்.

கடைசி நாள் கடலில் ஸ்கூபா, அன்று இரவே விமானம். ஏரியிலும் நீந்த ஆசை.

கடைசி நாள் வேண்டாம். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். உயரே போகும்போது அழுத்தம் குறைந்து, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். இதே காரணத்தால் கடலில் மூழ்கி எழுந்த கையோடு காரில் மலை ஊருக்கு ஏறுவதும் ஆகாது. மெஃப்லோகுவின் எடுப்பவர்கள் மூழ்கவே வேண்டாம்; அது தரும் தலைசுற்றலும் ஆழ நோயின் தலைசுற்றலும் ஒன்றுபோல இருக்கும்.

ஏரி விஷயம் தனி. மலாவி ஏரி, விக்டோரியா ஏரி போன்ற ஆப்பிரிக்க நன்னீரில் ஷிஸ்டோசோமியாசிஸ் புழு உண்டு. நத்தையிலிருந்து வெளிவந்து தோலைத் துளைத்து ஏறும். துவட்டிக்கொண்டால் போய்விடும் என்பது நம்பத்தக்கதல்ல. உப்புக் கடலிலும் குளோரின் போட்ட குளத்திலும் இந்தப் பயமில்லை.

ஜெர்மனியில் 8 வாரம், பிறகு ஷெங்கன் நாடுகளைச் சுற்றலாம். எத்தனை நாள் மிஞ்சும்?

குறுகிய கால ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா) என்றால் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 8 வாரம் 56 நாள், 34 மிஞ்சும். வீடு தேட ஒரு வாரம் முன்னே போயிருந்தால் 27. விசாவிலேயே 90-க்குக் குறைவாக நாள் எழுதியிருந்தால் அந்த எண்தான் செல்லும். ஜெர்மனியின் நீண்ட கால தேசிய விசா வாங்கியிருந்தால் அங்கே இருந்த நாட்கள் இந்த 90-இல் சேராது. அயர்லாந்தும் பிரிட்டனும் ஷெங்கன் அல்ல, தனி விசா.

கோயில் குரங்கு லேசாகக் கீறிவிட்டது, ரத்தம் இல்லை என்றால்?

ரத்தம் வராத கீறலுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேண்டும். முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்து. முன்பே 0, 7 நாள் ஊசிகளைப் போட்டவர்களுக்கு 0, 3 நாளில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். கிராமப்புறத்தில் அது கிடைக்காது என்பதால் முன்கூட்டியே போட்டுவிட்டுப் போவதுதான் இதில் பெரிய லாபம். வௌவால் பட்டாலும் இதே கதை.

வாடகை ஸ்கூட்டரில் வார இறுதியில் சுற்றலாமா? காப்பீடு இருக்கிறது.

இருக்கிறதா என்று பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். உங்கள் உரிமத்தில் இருசக்கர அனுமதி இல்லாவிட்டால், ஹெல்மெட் இல்லாவிட்டால், பெரும்பாலும் ஒன்றும் தரமாட்டார்கள். 3,000 அல்லது 4,000 மீட்டருக்கு மேல் மலை, ஸ்கூபா ஆகியவையும் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. ஆரோக்கியமான இளைஞர்கள் பயணத்தில் இறப்பது காய்ச்சலால் அல்ல, சாலையில். இரவுப் பேருந்தையும் தவிருங்கள், ஒரு நாள் விடுதிச் செலவு மிச்சம் என்று பார்க்காதீர்கள்.

வார்டில் குழந்தைகளோடு எடுத்த படத்தை நண்பர்களுக்கு அனுப்பலாமா?

கூடாது. அம்மா தலையசைத்தார் என்பது சம்மதம் அல்ல. உங்கள் கையில் அவருடைய பிள்ளையின் கேஸ் ஷீட் இருக்கும்போது அவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. பின்னணியில் படுக்கைக்கு மேல் மாட்டிய சார்ட்டும் பெயரும் தெரியும். கட்டடத்தைப் படமெடுங்கள், மலையைப் படமெடுங்கள்.

மொழி தெரியாது. என்ன செய்ய?

முப்பது சொல் போதும், ஆனால் மரியாதை வடிவத்தில். ஸ்பானிஷில் ‘எங்கே வலிக்கிறது?’ என்பதற்குப் பெரியவரிடம் ‘தோந்தே லே துவேலே’ என்று கேட்க வேண்டும். ‘தே துவேலே’ என்றால் ‘உனக்கு’ என்றாகிவிடும். ஸ்வாஹிலி பேசும் ஊரில் மூத்தவரைப் பார்த்ததும் ‘ஷிகாமூ’ சொல்லுங்கள், அவர் ‘மரஹபா’ என்பார். வலியில் இருப்பவரிடம் ‘போலே’. அனுதாபத்துக்கான அந்த ஒரு சொல்லை எத்தனை முறை சொன்னாலும் தவறில்லை.

கடைசி வாரத்திலும் திரும்பிய பின்னும் மறக்கக் கூடாதவை?

மதிப்பீட்டுப் படிவத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்தைக் கடைசி வெள்ளிக்கு விடாதீர்கள். அன்று அவர் மாநாட்டில் இருப்பார், முத்திரை பூட்டிய அறையில் இருக்கும். முந்தைய வாரமே படிவத்தில் தேதிகளை நிரப்பிக் கையில் கொடுங்கள். முத்திரையும் தேதியும் இல்லாத கையெழுத்தை டீன் அலுவலகம் திருப்பி அனுப்பும். அதற்காகக் கடல் கடந்து கடிதம் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

வந்த பின் ஓராண்டு வரை காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமே எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதாக இருக்கட்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும், ஈரலில் பதுங்கும் வைவாக்ஸ் வகை மலேரியா மாதங்கள் கழித்து எழும்.

காசநோய்த் தொற்றுச் சோதனையைத் திரும்பிய 8 முதல் 10-ஆம் வாரத்தில் செய்ய வேண்டும். அதற்கு முன் செய்தால் தெரியாது. ஏரியில் நீந்தியவரும் புழுவுக்கான ரத்தச் சோதனைக்குக் குறைந்தது 6, 8 வாரம் பொறுக்க வேண்டும். பிடித்திருந்தால் பிராசிக்வான்டல் மாத்திரையில் தீரும். இரண்டுக்கும் சேர்த்து 10-ஆம் வாரத்தில் ஒரு நாளைக் காலண்டரில் குறித்து, ஒரே ஊசியில் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.